மகாராணி மரைக்காரின் ராத்தா

1895: உதுமாலெவ்வை பிறந்தது.
1898: சபியா உம்மா பிறந்தது.
1901 ஜனவரி 22: விக்டோரியா மகாராணி மரணம். அதே கிழமை, சபியா உம்மாவின் தம்பி ஷரிபுதீன் பிறந்தது.
1921: சபியா உம்மாவின் மகள் சுல்பிகா பிறந்தது.
1943: சபியா உம்மாவின் கணவர் மௌத்து.
1955இல் சபியா உம்மாவுக்கு வயது 57. சொன்னது 46. குறைத்தது 11.
1955இல் உதுமாலெவ்வைக்கு வயது 60. சொன்னது 50. குறைத்தது 10.
1955இல் சுல்பிகாவுக்கு வயது 34. சொன்னது 29. குறைத்தது 5.
குறைத்தது மொத்தம்: 26 வருஷம்.

மருதமுனையில் பகல் வேளையில் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் தறிச்சத்தம் காதில் விழும். சபியா உம்மாவின் வளவில் மூன்று தறிகள் இருந்தன. இரண்டில் அயல்வீட்டுப் பெண்கள் நெய்தார்கள். நடுத்தறி அவளுடையது. கணவர் இருந்த காலத்தில் அவர் சாரன்களைக் கட்டிச் சுமந்துபோய் மட்டக்களப்பில் விற்றுவந்தார். காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தார். மகள் சுல்பிகாவுக்கு அதற்கு முன்பே கலியாணமாகி, ஊர் வழக்கப்படி வீடும் அவள் பேருக்குச் சீதனமாகப் போயிருந்தது. சபியா உம்மா கணவரை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலத்தை இருந்து முடித்தாள், தறிக்கொட்டிலை ஒட்டிய அறைக்குத் தன் பாயை மாற்றினாள், மறுநாள் காலையில் நடுத்தறியில் ஏறி உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் அந்தத் தறியை விட்டு இறங்குவது சோற்றுக்கும் தொழுகைக்கும்தான் என்று அயலில் சொல்வார்கள். அவள் நெய்த சாரனுக்குக் கரை கோணாது என்பதும் அயலில் சொல்வதுதான்.

1954ஆம் ஆண்டுக் கடைசியில் பழைய சாயக்காரர் தொழிலை விட்டார். அவருக்குப் பதிலாக, நூற்கழிகளுக்குச் சாயம் போட்டுக் கொண்டுவர சாய்ந்தமருதிலிருந்து உதுமாலெவ்வை வரத் தொடங்கினார். நெடிய மனிதர். மனைவியை இழந்து வெகுகாலம், பிள்ளைகள் இல்லை. முழங்கை வரை நீலம் ஏறிய கைகள், எத்தனை தேய்த்தாலும் போகாது. தாடி மட்டும் காக்கைச் சிறகு போலக் கறுப்பு.

அவர் முதன்முதல் வந்தது ஒரு புதன்கிழமை. சபியா உம்மா கதவுக்கு உட்பக்கமாக நின்று நூற்கழிகளை வாங்கினாள். கொடுக்கும்போது அவர் குனிந்தார். அந்தக் கறுப்புத் தாடியின் அடியில், நாடியோரமாக, நெல்முளை அளவுக்கு வெள்ளை தெரிந்தது. சாயக்காரர் நூலுக்கு மட்டும் சாயம் போடவில்லை என்பதும், போடும் நாள் வெள்ளிக்கிழமை என்பதும், புதனாகும்போது வேரில் வெளுத்துவிடுகிறது என்பதும் அவளுக்கு அந்த ஒரு பார்வையில் விளங்கிற்று. அவள் சிரிக்கவில்லை.

"இனிமேப்பட்டு சனிக்கெழமையில கொண்டாங்க," என்றாள்.

"ஏன் புள்ள, புதன் சரிவராதா?"

"புதன்ல எங்களுக்கு வேல கூட."

அவர் போனதும் பக்கத்துத் தறிக்காரி முனவ்வறா நூலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். முனவ்வறாவுக்கு இருபது வயது. வாய் மட்டும் நாற்பது வயதுக்காரியுடையது. "புதன்ல நமக்கு என்ன மாமி கூட வேல?" என்றாள். "பேசாம நெய்கா," என்றாள் சபியா உம்மா.

அவளுக்கும் ஒரு குறை இருந்தது. இரண்டு வருஷமாகக் கண் மங்கிவந்தது. சிவப்பும் பச்சையும் தெரியும். கடுநீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. ஒருமுறை கறுப்புக் கரை வைக்கவேண்டிய சாரனுக்குப் பாதிக்கு மேல் நீலம் ஓடிவிட்டது. அதை அறுத்து உள்ளே ஒளித்து வைத்தாள், ஆருக்கும் சொல்லவில்லை. ஆனால் அறுத்ததில் மிஞ்சிய துண்டொன்று முற்றத்தில் கிடந்தது. அதை உதுமாலெவ்வை கண்டிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை வந்த நூலில், நீலக் கழிகளின் தலைப்பில் ஒவ்வொரு முடிச்சு இருந்தது. கறுப்பில் முடிச்சு இல்லை.

"இதென்ன முடிச்சு?"

"எங்கட அடையாளம். எல்லாருக்கும் அப்பிடித்தான் போடுற."

சபியா உம்மா சும்மா இருக்கவில்லை. சுல்பிகாவை அனுப்பி, அவரிடம் நூல் வாங்குகிற நாலு வீட்டில் விசாரித்தாள். எந்த வீட்டு நூலிலும் முடிச்சில்லை. அன்று அசர் தொழுகைக்குப் பிறகு அவள் நடுத்தறியில் உட்கார்ந்து, விரல் நுனியால் முடிச்சைத் தடவித் தடவி, நீலமும் கறுப்புமாக ஒரு சாரனை ஒரு பிழையில்லாமல் இறக்கினாள்.

வயதைப் பற்றிய பேச்சு வந்தது மாசி மாதத்தில். தலைச்சுமையாக நூலைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு அவர் மூச்சு வாங்கினார். சபியா உம்மா தேத்தண்ணி ஊற்றி மகளிடம் கொடுத்தனுப்பினாள். "இந்த வயசில ஏன் சுமக்கிறீங்க, வண்டியில போட்டுக் கொண்டாங்களே," என்றாள் உள்ளேயிருந்து.

அவர் நிமிர்ந்தார். "எனக்கு என்ன பெரிய வயசு. அம்பது நடக்குது."

"அப்பிடியா. எனக்கு நாலு கொறவு."

சுல்பிகாவின் கையில் வெற்றுக் கோப்பை இருந்தது. அதைத் தவறவிடாமல் அவள் உள்ளே வந்து சேர்ந்தது பெரிய காரியம். அவர் படலையைத் தாண்டியதும் தாயின் முன் வந்து நின்றாள். "உம்மா, ஒங்களுக்கு நாப்பத்தாறு. அப்ப எனக்கு எத்தின?"

சபியா உம்மா ஒரு கணம் யோசித்தாள். "ஒனக்கு இருவத்தொம்பது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் சுல்பிகா. "எண்ட மனிசனுக்கு?"

"அவர் வாப்பா உம்மா வேற. அவர்ட வயசில நமக்குப் பேச்சில்ல."

சுல்பிகாவின் புருஷன் மர்சூக் சங்கக்கடையில் கணக்கெழுதுகிறவர். அன்றிரவு மனைவிக்கு ஐந்து வயது குறைந்த செய்தியைக் கேட்டு, சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் என்று கேள்வி.

அடுத்த சனிக்கிழமை உதுமாலெவ்வை மாட்டு வண்டியில் வந்தார். வண்டியோட்டியவர் அதாவுல்லா. வெண்ணெய் போல வெளுத்த தாடி, முன்பல் இரண்டு இல்லை, இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இறங்கியதும், ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி, "காக்கா, எந்தக் கட்ட முதல்ல எடுக்கிற?" என்றார்.

தமிழில் இதுதான் சங்கடம். கூடப்பிறந்தவர்களைக் கூப்பிட நம்மிடம் மூத்தவனுக்குக் காக்கா இருக்கிறது, இளையவனுக்குத் தம்பி இருக்கிறது, மூத்தவளுக்கு ராத்தா, இளையவளுக்குத் தங்கச்சி. மூப்பும் இளமையும் சொல்லாமல் கூப்பிட ஒரு சொல் இல்லை. வாயைத் திறந்தால் வயது வெளியே வந்துவிடும்.

உதுமாலெவ்வை கட்டைத் தூக்கியபடி உள்ளே பார்த்தார். "இவன் ஆரக் கண்டாலும் காக்கா எண்டுதான் கூப்புடுவான்," என்றார்.

"மரியாதையான மனிசன்," என்றாள் சபியா உம்மா.

அதாவுல்லா காக்காவையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தார். தன் சொந்தக் காக்காவைக் காக்கா என்று கூப்பிட்டதில் என்ன மரியாதை என்று அவருக்கு விளங்கவில்லை.

தறிக்கொட்டிலில் பெண்கள் நெய்யும்போது கவி படிப்பார்கள். அவர்கள் படித்தவற்றுள் ஒன்று பழைய காதற் கவி. அதில் ஒரு பொடியன், ஒரு குமரின் வேலிப்பக்கம் வந்து நிற்கிறான்.

காணாமப் போன எங்க காளக்கண்டத் தேடி வந்தன்
வீணாக நிக்கயில்ல, வேலியால பாத்தன் கிளி.

அதற்கு அவள் மறுமொழி:

கண்டு இந்தப் பக்கம் வல்ல, கதவும் நான் திறக்கயில்ல
இண்டைக்குப் புழுக்கமெண்டு இருந்த மச்சான் வாசலில.

இப்படியே அது ஒரு மார்கழி மாதத்து மழையில் நடந்து போகிறது. பொடியனின் குடும்பத்தில் மாடே கிடையாது என்று கவியின் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டுவிடும். மாரி காலத்தில் புழுக்கமும் கிடையாது. இரண்டு பேரும் சொல்வது பச்சைப் பொய்.

"மாமி," என்றாள் முனவ்வறா ஒருநாள், "அவனுக்கு மாடில்ல எண்டு அவளுக்குத் தெரியுந்தானே?"

"தெரியாம என்ன."

"அப்ப மூஞ்சில அடிச்ச மாதிரிக் கேக்கலாமே, ஒனக்கேதுடா கண்டெண்டு."

"கேட்டா அவன் ஊட்ட போயிருவானே," என்றாள் சபியா உம்மா. "அவன் கண்டெண்டு செல்றத்துக்கு அவள் ஓமெண்டு செல்லணும். அவள் புழுக்கமெண்டா அவன் விசிறணும். இல்லாட்டி எப்பிடிக்கா கவி நடக்கும்?"

முனவ்வறா அவளை உற்றுப் பார்த்தாள். "புதன்ல நமக்கு வேல கூட," என்று சொல்லிவிட்டுத் தறியை மிதித்தாள்.

இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. குழப்பியவர் சபியா உம்மாவின் தம்பி ஷரிபுதீன் மரைக்கார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு மரைக்கார், சந்தியில் துணிக்கடை, சொல்லுக்கு மதிப்புள்ளவர். ஆனால் ஊரில் எவரும் அவரை அந்தப் பேரால் சொல்வதில்லை. விக்டோரியா மகாராணி மௌத்தான கிழமையில் பிறந்தவர் என்பதால் சிறுவயதில் மகாராணிப் பொடியன். நிர்வாகத்துக்கு வந்த பிறகு மகாராணி மரைக்கார். ஆகவே ஊரில் வேறு எவருடைய வயது தெரியாவிட்டாலும் அவருடைய வயது குழந்தைகளுக்கும் தெரியும். ஐம்பத்திநாலு.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, உதுமாலெவ்வை முற்றத்தில் நூலை எண்ணிக்கொண்டிருந்தபோது படலையைத் திறந்துகொண்டு மரைக்கார் வந்தார்.

"ராத்தா," என்றார் வழக்கம்போல, "வெள்ளச் சாரன் ரெண்டு வேணும்."

உதுமாலெவ்வையின் கை கழியில் நின்றது. கொட்டிலில் தறிகளும் நின்றன. சபியா உம்மா கதவின் பின்னால் நின்று, ஐம்பத்திநாலு வயது மனிதர் ராத்தா என்று கூப்பிடும் நாற்பத்தாறு வயதுக்காரியாக, என்ன சொல்வதென்று தேடினாள். தேடியதில் அகப்பட்டது இதுதான்:

"எங்கட காக்காக்கு எப்பவும் பகிடிதான். சின்ன வயசில இருந்தே என்ன ராத்தா எண்டுதான் கூப்புடுவார்."

மரைக்கார், தனக்குப் பின்னால் வேறு ஆரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

உதுமாலெவ்வை எழுந்து நின்று, நீலக்கையை நெஞ்சில் வைத்து, "அஸ்ஸலாமு அலைக்கும், காக்கா," என்றார்.

தன்னைவிட ஆறு வயது மூத்த மனிதர் தன்னைக் காக்கா என்றதும் மரைக்கார் சாரனையும் வாங்காமல் போய்விட்டார். அடுத்த வெள்ளியே பள்ளிவாசல் ஹவுழடியில், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தொட்டியருகில், இரண்டு கிழவர்கள் அவரைப் பார்த்து, "காக்கா, முதல்ல நீங்க உளுச் செய்ங்க," என்றார்களாம். முனவ்வறாவின் வாய் எட்டாத இடம் ஊரில் இல்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை உதுமாலெவ்வை நூலை இறக்கிவிட்டுப் போகாமல் நின்றார். கொட்டிலில் பெண்கள் கவியைத் தொடங்கியிருந்தார்கள். பொடியனின் அடி முடிந்த இடத்தில் அவர் குரலைத் தாழ்த்தி, கதவைப் பார்த்து, பேச்சாகவே சொன்னார்.

"எங்கட கண்டொண்டு காணாமப் போச்சு."

சபியா உம்மாவுக்குக் காது சூடானது. அவருக்குச் சொந்தமாக ஆடில்லை, மாடில்லை, வண்டி மாடும் அதாவுல்லாவுடையது. "கண்டு இந்தப் பக்கம் வல்ல," என்றாள்.

"உள்ளுக்கு வந்து பாக்கலாமா?"

"காதியாரக் கூட்டிட்டு வந்து பாருங்க, மச்சான்."

தறிகள் மீண்டும் நின்றன. முனவ்வறா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

சுல்பிகா முதலில் அழுதாள், பிறகு சம்மதித்தாள். இந்தக் கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வரவேண்டும். வீடு மகளுடையது. ஆகவே தாயின் கலியாணத்துக்கு மகள் அறை கொடுக்க வேண்டியிருந்தது. "கொட்டில் அறைக்குக் கதவு ஒண்டு போடணும்," என்றாள் அவள். அதுதான் அவளுடைய சம்மதம்.

சம்மதிக்காதவர் ஷரிபுதீன் மரைக்கார். வாப்பா இல்லாத பெண்ணுக்கு நிக்காஹ் செய்துவைக்கும் உரிமை கூடப்பிறந்த ஆணுக்கு. அந்த உரிமைக்காரருக்குத்தான் வலீ என்று பேர். ஒரு வலீ வந்து சபையில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இன்னாரை உனக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சொன்னால்தான் அது நிக்காஹ். மரைக்கார் வரமாட்டேன் என்றார். அத்தோடு நிற்காமல் சாய்ந்தமருதுக்கே போய் உதுமாலெவ்வையைப் பிடித்தார்.

"அவ எனக்கு மூத்தவ. தெரியுமா? அம்பத்தேழு வயசு."

உதுமாலெவ்வை சாயத் தாழியைக் கிண்டிக்கொண்டே, "பகிடி செல்லாதீங்க, காக்கா," என்றார்.

மரைக்கார் திரும்பி வந்து ராத்தாவிடம் நின்றார். "அந்த மனிசன் தாடிக்குச் சாயம் போடுற. வண்டிக்கார அதாவுல்லாக்கு மூத்தவர். அறுவது முடிஞ்சிட்டு."

"அதாவுல்லா ஆரக் கண்டாலும் காக்கா எண்டுதான் கூப்புடுவாராம்," என்றாள் சபியா உம்மா.

"நான் ஒனக்கு எப்பகா காக்காவான?" என்று கேட்டுவிட்டு அவர் போனார். அதன் பிறகு மாதக்கணக்காக அந்தப் படலைக்கு அவர் வரவில்லை.

வலீ நியாயமில்லாமல் மறுத்தால், முஸ்லிம்களின் மணவழக்குகளைத் தீர்க்கும் காதியாரிடம் போகலாம். மர்சூக் மனுவை எழுதினார், சபியா உம்மா பெருவிரல் அடையாளம் வைத்தாள். முதற் கடிதம் வந்தது, விசாரணைக்கு நாள் குறித்து. செப்டெம்பர் 17, சனிக்கிழமை, கல்முனையில் காதியார் வீட்டு முன்னறை.

வண்டியில் போகும்போது சபியா உம்மா பயந்துபோய் இருந்தாள். மற்றவர்கள் நினைத்தது போல நிக்காஹ் கிடைக்குமோ கிடையாதோ என்ற பயம் மட்டுமல்ல அது. காதியாரின் முன்னால் பொய் சொல்ல அவளால் முடியாது, வயதைக் கேட்டால் ஐம்பத்தேழு என்று சொல்லத்தான் வேண்டும். அதை உதுமாலெவ்வை காதால் கேட்பார். அவரையும் கேட்டால் அவரும் அறுபது என்பார், அதை அவள் கேட்பாள். அதன் பிறகு நிக்காஹ் நடந்தாலும் முடிச்சுப் போட்ட நீல நூலும் சனிக்கிழமையும் என்ன ஆகும்? கண்டைத் தேடி வந்தவனிடம் மாட்டுச் சீட்டைக் காட்டச் சொன்னது போல ஆகிவிடும்.

பெண்களுக்கு ஒரு திரை கட்டியிருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் சபியா உம்மாவும் சுல்பிகாவும். முனவ்வறாவை ஆரும் அழைக்கவில்லை, அவளும் இருந்தாள். காதியார் வயதான மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். மரைக்காரிடம் காரணம் கேட்டார்.

"இவ எனக்கு ராத்தா," என்றார் மரைக்கார். "மகாராணி மௌத்தான கிழம பொறந்த நான். ஊருக்கே தெரியும். அப்ப இவக்கு எப்பிடி நாப்பத்தாறு வரும்? அவருக்கு எப்பிடி அம்பது வரும்? இவ அவர ஏமாத்துறா, அவர் இவவ ஏமாத்துறார். இப்பிடி ஏமாத்தில தொடங்குற நிக்காஹ்வுக்கு நான் எப்பிடி வலீயா நிக்கிற?"

சபியா உம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். இப்போது வயதைக் கேட்பார் என்று காத்திருந்தாள்.

காதியார் வயதைக் கேட்கவில்லை. "மரைக்கார்," என்றார், "ஏமாத்திப்போட்டாங்க எண்டு முறைப்பாடு வைக்கவேண்டிய ஆள் ஏமாந்த ஆள்தானே. நீங்க ஏமாந்தீங்களா?"

"நானா? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"அப்ப ஏமாந்த ஆளக் கேப்பம்." அவர் உதுமாலெவ்வையின் பக்கம் திரும்பினார். "நீங்க ஏமாந்தீங்களா?"

உதுமாலெவ்வை நீலக்கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு திரையைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துச் சொன்னார்: "இல்ல. நான் ஏமாறல்ல."

காதியார் திரையை நோக்கினார். "நீங்க?"

சபியா உம்மாவின் விரலில் சுற்றியிருந்த தலைப்பு அவிழ்ந்தது. "நானும் ஏமாறல்ல," என்றாள். குரல் அவளே எதிர்பாராத அளவுக்குத் தெளிவாக வந்தது.

பொய்யொன்றும் சொல்லவில்லை. வயதும் சொல்லவில்லை. ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது, அவரிடமிருந்து எல்லாம் இந்தப் பக்கமும் வந்துவிட்டது. ஏழு மாதமாக இருவரும் ஒருவருக்கொருவர் செய்துவந்தது இன்னதென்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. சபியா உம்மாவுக்குத் தன் தோள்கள் இரண்டும் நிமிர்வது தெரிந்தது.

காதியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இந்த அறைக்குள்ள ஏமாந்த ஆள் ஒருத்தரும் இல்ல," என்றார். திரைக்குள்ளிருந்து முனவ்வறாவின் சிரிப்பு வெடித்தது. சுல்பிகா அவளுடைய வாயைப் பொத்தினாள்.

மரைக்கார் விடவில்லை. "சரி. சபையில நான் என்னெண்டு செல்லி இவவக் குடுக்கிற? 'எண்ட ராத்தாவ' எண்டா சபை சிரிக்கும். 'எண்ட தங்கச்சிய' எண்டா அது பொய். பள்ளி மரைக்கார் நிக்காஹ் சபையில பொய் செல்ற எப்பிடி?"

"தமிழ்ல ஏன் செல்றீங்க?" என்றார் காதியார். "அறபில செல்லிக் குடுங்க. 'உஹ்தீ' எண்டா எண்ட உடம்புறப்பு. மூத்ததும் அதுதான், இளையதும் அதுதான். அறபு ஆக்கள் கூடப்பிறந்த பொம்புளைக்கு வயசு பாக்கல்ல, மரைக்கார்."

மரைக்கார் ஓம் என்று சொல்லாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னால் வந்த இரண்டாம் கடிதத்தில், வலீக்கு யோசிக்க ஒரு தவணை கொடுத்திருப்பதாகவும், அதற்குள் அவர் சம்மதிக்காவிட்டால் தாமே வலீயாக இருந்து நிக்காஹ்வை நடத்துவதாகவும் காதியார் எழுதியிருந்தார். எப்படியும் நிக்காஹ் நடக்கும். அதைக் கேட்டு சுல்பிகா கதவுக்குத் தச்சரைக் கூப்பிட்டாள்.

சபியா உம்மாவுக்கு அது போதவில்லை. கூடப்பிறந்தவன் உயிரோடு இருக்க, காதியார் கையால் கலியாணம் செய்தால் அது பாதிக் கலியாணம். சந்தியில் அவனுடைய கடையைக் கடந்து போகும்போது அவன் முகத்தைத் திருப்புவான். அப்படி ஒரு வாழ்க்கைக்கு அவள் ஆசைப்படவில்லை.

நவம்பர் நடுவில் நல்ல மழை. கொட்டிலில் மூன்று தறிகளும் ஓடிக்கொண்டிருந்தபோது படலை திறந்தது. மரைக்கார் குடையில்லாமல் முற்றத்தில் வந்து நின்றார். கூப்பிட வாயெடுத்தார், எந்தச் சொல்லும் வரவில்லை. ராத்தா என்றால் அவள் பொய்க்காரியாவாள். தங்கச்சி என்று அவருக்கு வாய் வராது. மழையில் அப்படியே நின்றார்.

சபியா உம்மா தறியை விட்டு இறங்கி வாசலுக்கு வந்தாள். கொட்டிலில் நாலு காதுகள் இருந்தன, அதில் இரண்டு முனவ்வறாவுடையவை. சபியா உம்மா அதைப் பொருட்படுத்தவில்லை.

"நனையாம உள்ளுக்கு வா, தம்பி," என்றாள்.

மரைக்கார் வந்து நிலத்தில் உட்கார்ந்தார். "உம்மா மௌத்தாகக்குள்ள எனக்கு ஆறு வயசு," என்றார். "நீதான் சோறு தந்த. நீதான் ஓதப்பள்ளிக்கு இழுத்துப் போன. எனக்கு உம்மாக்குப் பதிலா ஒரு ராத்தாதான் இருந்த. அதையும் ஒரு சனிக்கெழம, ஒரு சாயக்காரனுக்கு முன்னால, இல்லாமலாக்கிப் போட்டியே. எனக்கு வயசு கூடினது பறவால்ல. ராத்தா இல்லாமப் போனதுதான் பொறுக்கல்ல."

அவளுக்கு இது தோன்றவேயில்லை. அவன் ஊர்ச் சிரிப்புக்குப் பயந்தான் என்றுதான் நினைத்திருந்தாள். அவனுடைய ஈரத்தலையைத் தன் சேலைத் தலைப்பால் துவட்டினாள், ஐம்பது வருஷத்துக்கு முன் துவட்டியது போல.

"ஊருக்குத்தான்டா நீ காக்கா," என்றாள். "எனக்கு எப்பவும் தம்பிதான்."

"அவருக்கு முன்னால?"

"அவருக்கு முன்னால காக்கா. அது ஒனக்கும் எனக்கும் அவருக்கும் தெரிஞ்ச கத. மூணு பேரும் செல்லாம இருப்பம்."

மரைக்கார் அவளுடைய தலைப்பை வாங்கி முகத்தைத் துடைத்தார். பிறகு, "அவர் என்னக் காக்கா எண்டு கூப்புடக்குள்ள," என்றார், "கேக்க நல்லாத்தான் இரிக்கி." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அன்று அவர் தேத்தண்ணி குடித்து, பங்குனியில் விட்டுப்போன இரண்டு வெள்ளைச் சாரனையும் வாங்கிக்கொண்டு போனார். நேரே வீட்டுக்குப் போனாரா, கல்முனைக்குப் போனாரா என்று அவள் கேட்கவில்லை.

காதியாரின் மூன்றாவது கடிதத்தை மர்சூக் தபாற்கந்தோரிலிருந்து ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து, கொட்டில் வாசலில் நின்றே வாசித்தார். மருதமுனை ஷரிபுதீன் மரைக்கார் தாமாகவே நேரில் வந்து சம்மதம் தெரிவித்தார். தம் உடன்பிறந்தாளுக்கு வலீயாக இருந்து, அறபியில் மொழிந்து, அடுத்த வியாழன் லுஹர் தொழுகைக்குப் பிறகு அவர் நிக்காஹ் செய்து கொடுப்பார். இரு தரப்பிலும் தடை எதுவும் இல்லை. வாசித்து முடிக்குமுன் முனவ்வறா குரவை போட்டாள். அடுத்த தறிக்காரி சேர்ந்துகொண்டாள். ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டுத் தறியும் நின்று, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குரவை எழுந்து, சத்தம் சந்தித் துணிக்கடை வரைக்கும் போனது. சபியா உம்மா நடுத்தறியில் உட்கார்ந்தபடி கடிதத்தைக் கையில் வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும், எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள்.

அந்தக் கடிதம் வந்தது 1955 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை.